கெட்டுப்போகத் தெரிந்த கேமரா

புதிதாக இருக்கும்போது எல்லா கேமராவும் நல்ல கேமராதான். பெண் பார்க்க வந்த அன்றைக்கு எல்லா மாப்பிள்ளையும் தங்கமான பையனாக இருப்பது மாதிரி. கேமரா விமர்சனம் எழுதுகிறவர்கள், அட்டைப்பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே எழுதி முடித்துவிடுகிறார்கள். லென்ஸ் கூர்மை, நிறம், எடை, விலை என்று கட்டம் போட்டு மார்க் கொடுத்துவிட்டு, அடுத்த பெட்டியைப் பிரிக்கப் போய்விடுகிறார்கள். அந்தக் கேமராவுக்கு ஐம்பது வயது ஆகும்போது எப்படி இருக்கிறது என்று யாரும் திரும்பி வந்து பார்ப்பதில்லை.

இந்த வாரம் அதைச் செய்யலாம் என்று உத்தேசம்.

காரணம் இருக்கிறது. செத்துவிட்டது என்று நாம் காரியம் பண்ணி முடித்த பிலிம் கேமரா, எழுந்து உட்கார்ந்திருக்கிறது. கேனான், தன் கடைசி பிலிம் கேமராவின் விற்பனையை 2018-ல் நிறுத்தியது. 2020-ல் நிக்கானின் எஃப்6 நின்றுபோனது. கதை முடிந்தது என்றார்கள். 2022-ல் லைகா தன் பழைய எம்6-ஐ மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. 2024-ல் பென்டாக்ஸ், சுமார் இருபது வருட மௌனத்துக்குப் பிறகு, 'பென்டாக்ஸ் 17' என்று ஒரு புத்தம்புது பிலிம் கேமராவை வெளியிட்டது. காலேஜ் படிக்கிற பிள்ளைகள் தாத்தாவின் பீரோவைத் துழாவி, லெதர் கேஸோடு தூங்கிக்கொண்டிருந்த கேமராக்களை வெளியே எடுக்கிறார்கள்.

எடுத்ததும் இரண்டு கேள்விகள் வருகின்றன. இது ஓடுமா? ஓடாவிட்டால் ரிப்பேர் பண்ண முடியுமா?

என்னைக் கேட்டால், இரண்டாவது கேள்விதான் உண்மையான விமர்சனம். ஒரு பொருளைச் செய்தவன், அதை வாங்குகிறவனைப் பற்றி என்ன நினைத்தான் என்பது, அது கெட்டுப்போகும்போதுதான் தெரியும். ஆகவே, அரை நூற்றாண்டு கடந்த மூன்று ஜப்பான் கேமராக்களை, கெட்டுப்போகிற லட்சணத்தை மட்டும் வைத்து எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலில், யாஷிகா எலக்ட்ரோ 35.

1966-ல் வந்தது. ரேஞ்ச்ஃபைண்டர் வகை. அதாவது, லென்ஸ் வழியாகப் பார்க்காமல் மேலே தனியாக இருக்கும் ஒரு ஜன்னல் வழியாகப் பார்த்து, அங்கே தெரியும் இரண்டு பிம்பங்களை ஒன்றோடொன்று சேர்த்து ஃபோகஸ் செய்ய வேண்டும். 45 மில்லிமீட்டர், எஃப் 1.7 லென்ஸ். சாயங்கால வெளிச்சத்திலும் சளைக்காது. 'அபர்ச்சரை நீ வை, ஷட்டர் வேகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்ன ஆரம்பகால எலக்ட்ரானிக் கேமராக்களில் ஒன்று. 2012-ல் வந்த 'தி அமேஸிங் ஸ்பைடர்-மேன்' படத்தில் பீட்டர் பார்க்கர் வைத்துக்கொண்டு அலைவது இந்த வம்சத்துக் கேமராதான். படங்கள் அழகாக வரும். அதில் எனக்குத் தகராறு இல்லை.

தகராறு வேறு இடத்தில். இதில் ஷட்டர் வேகம் எவ்வளவு என்று கேமரா உங்களிடம் சொல்லவே சொல்லாது. வெளிச்சம் அதிகமானால் ஒரு சிவப்பு விளக்கு, குறைந்தால் ஒரு மஞ்சள் விளக்கு. அவ்வளவுதான் பேச்சு. உடம்புக்கு என்ன என்று கேட்டால் 'மாத்திரையைச் சாப்பிடுங்க' என்று மட்டும் சொல்கிற டாக்டர் மாதிரி. கேமரா சரியாக இருக்கும்வரை இந்த மௌனம் சுகமாக இருக்கும். கெட்டுப்போனால் எங்கே கோளாறு என்று நமக்கு ஒரு துப்பும் கிடைக்காது.

உள்ளே போனால் இன்னொரு வேடிக்கை. ஷட்டர் பொத்தானோடு சேர்ந்து இயங்கும் ஒரு கம்பி. அதற்குத் தாங்கலாக ஒரு சின்ன ரப்பர் துண்டு. பட்டாணி அளவுகூட இருக்காது. ஐம்பது வருடத்தில் அது பொடிந்து உதிர்ந்துவிடுகிறது. கம்பி நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதில்லை. எக்ஸ்போஷர் தாறுமாறாகிவிடுகிறது. வெள்ளைக்காரர்கள் இந்த ரப்பருக்கு 'மரணத் திண்டு' என்கிற அர்த்தத்தில் பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். கண்டுபிடிக்க எளிய வழி, காது. லீவரைச் சுற்றும்போது உள்ளேயிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் திண்டு காலி.

மாற்றுவதற்கான ரப்பரை ஏதாவது சைக்கிள் கடையில் ஓசியிலேயே வாங்கிவிடலாம். ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேர, மேல்மூடியைக் கழற்றி, தலைமயிர் மாதிரியான வயர்களை ஒதுக்கி, அறுவை சிகிச்சை மாதிரி நுழைய வேண்டும். மிகக் குறைந்த ஆயுள் உள்ள பொருளை மிக ஆழமான இடத்தில் வைத்தார்கள். வடிவமைப்பில் இதைவிடப் பெரிய குற்றம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அழகான வீட்டைக் கட்டி, தண்ணீர்க் குழாயைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்ட கொத்தனாரின் வேலை.

பேட்டரி விஷயத்தில் மட்டும் யாஷிகாவைத் திட்ட மாட்டேன். 5.6 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்த கேமரா அது. அந்த பேட்டரி இப்போது கிடையாது. அதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில், ஒரு ரசாயனத் தொழிற்சாலை கடலில் விட்ட கழிவில் இருந்த பாதரசம், மீன் வழியாக மனிதர்களின் நரம்புகளைத் தின்றது. 1956-ல் நோய் வெளியே தெரிந்தது. 1971-லிருந்து மூன்று ஆண்டுகள் யூஜின் ஸ்மித் என்கிற அமெரிக்கப் புகைப்படக்காரர், மனைவி ஐலீனோடு அங்கேயே தங்கிப் படம் எடுத்தார். பாதரசத்தின் கொடுமையை உலகத்தின் மனசில் பதியவைத்ததில் அந்தப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2013-ல் பாதரசத்துக்கு எதிராக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு அந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். ஆக, பழைய கேமராக்களின் பேட்டரி ஒழிந்த கதையில் கேமராவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 'ஐயோ, பாதரச பேட்டரி போச்சே' என்று புலம்புகிறவர்கள் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

எலக்ட்ரோவுக்கு இன்றைக்குக் கிடைக்கும் 6 வோல்ட் பேட்டரியை ஒரு ஸ்பிரிங் வைத்தோ, அடாப்டர் வைத்தோ போட்டால் ஓடும். 1.35 வோல்ட் கேட்கிற வேறு சில பழைய கேமராக்களுக்குக் காது மெஷின் பேட்டரி கைகொடுக்கும். அதன் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிரித்ததும் காற்றைக் குடித்து உயிர்பெறும். பிரித்த நாளிலிருந்து சில வாரங்கள்தான் ஆயுள், படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும்.

இரண்டாவது, கேனான் ஏஇ-1.

1976. எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் மைக்ரோபிராசஸரை முதலில் நுழைத்தவர்கள் இவர்கள். அதனால் சுமார் 300 பாகங்கள் குறைந்தன. பாகம் குறைந்ததால் விலை குறைந்தது. கூட்டம் கூட்டமாக மக்கள் வாங்கினார்கள். புகைப்படக் கலையைச் சாமானியனின் கைக்குக் கொண்டுவந்ததில் இதன் புண்ணியம் பெரிசு.

இதன் வியாதி பிரசித்தம். ஷட்டரைத் தட்டினால் 'க்ரீச்' என்று ஒரு இழுப்புச் சத்தம். ஆஸ்துமாக்காரர் மாடி ஏறிய மாதிரி. 'கேனான் இருமல்' என்றே அதற்குப் பெயர். கண்ணாடியை மேலே தூக்கும் பல்சக்கரங்களில் எண்ணெய் வற்றிப்போனதன் அறிகுறி அது. கைதேர்ந்த மெக்கானிக் ஊசி முனையில் ஒரு சொட்டு வைத்தால் இருமல் நின்றுவிடும். இந்த வியாதியை நான் பாராட்டுவேன். காரணம், இது சத்தம் போட்டு முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிறது. சரிசெய்யும் வழியும் பாதி எளிது. கெடுவதில் ஒரு நாகரிகம்.

ஆனால் பேட்டரி இல்லாவிட்டால் ஏஇ-1 ஒரு ஷட்டர்கூடத் தட்டாது. பேப்பர் வெயிட்தான். அந்த பேட்டரியை மூடும் கதவோ, ஒடிசலான பிளாஸ்டிக். கதவு முனை ஒடிந்த ஏஇ-1-களை எத்தனையோ பார்த்தாயிற்று. மூளையை மைக்ரோபிராசஸராகச் செய்தவர்கள் கதவை ஐஸ்கிரீம் ஸ்பூனாகச் செய்துவிட்டார்கள். எலக்ட்ரானிக் போர்டு செத்துவிட்டால் ரிப்பேர் என்று ஒன்று கிடையாது. இன்னொரு செத்த ஏஇ-1-லிருந்து கழற்றிப் போட வேண்டும்.

மூன்றாவது, பென்டாக்ஸ் கே1000.

இதுவும் 1976. அமெரிக்காவில் போட்டோகிராபி வகுப்பில் சேர்ந்த தலைமுறைகளுக்கெல்லாம் இதுதான் சிலேட்டுப் பலகை. பழைய கேமரா பக்தர்கள் இதைக் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள். கொஞ்சம் நிதானம் தேவை. பென்டாக்ஸ் 1975-ல் கொண்டுவந்த கே வரிசைக் கேமராக்களில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, மலிவாக விற்கக் கொண்டுவந்த கடைக்குட்டி இது. செல்ஃப் டைமர் கிடையாது. எது எதுவரை ஃபோகஸில் இருக்கும் என்று முன்கூட்டிப் பார்க்கும் வசதி கிடையாது. மீட்டரை அணைக்க ஒரு சுவிட்சுகூடக் கிடையாது. லென்ஸுக்கு மூடி போட மறந்தால், மேஜை மேல் உட்கார்ந்தபடியே பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். கஞ்சத்தனத்தை எளிமை என்று பெயர் மாற்றிப் புகழ்வது நம்முடைய பழக்கம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கேமராவில் பேட்டரி தீர்ந்தால் மீட்டர் முள் மட்டும்தான் படுத்துக்கொள்ளும். ஒரு விநாடியிலிருந்து 1/1000 வரை எல்லா ஷட்டர் வேகமும் ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் போட்ட வேலை. அவை பாட்டுக்கு ஓடும். வெளிச்சத்தைக் கண்ணால் கணித்தால் போதும். நல்ல வெயிலில் எஃப் 16, பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்து ஷட்டர் வேகம் என்ற பழைய சூத்திரம் நம் ஊர் வெயிலுக்கென்றே எழுதிய மாதிரி இருக்கும். ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும், சுத்தம் பண்ணினால் திரும்ப வேலை செய்யும். 1997 வரை, ஜப்பானில் ஆரம்பித்து ஹாங்காங், பிறகு சீனா என்று இடம் மாறி, இருபது வருடத்துக்கும் மேல் இதைச் செய்தார்கள் என்றால் சும்மா இல்லை.

சினிமாவுக்கே மார்க் போட்டுப் பழகிய ஊர் நம்முடையது. ஆகவே: யாஷிகாவுக்கு 42. கேனானுக்கு 50, இருமலுக்காக. பென்டாக்ஸுக்கு 70. படம் எடுக்கிற திறமைக்கு மார்க் போட்டிருந்தால் வரிசை அப்படியே தலைகீழாகியிருக்கலாம். நான் பார்த்தது, கெடுகிற நாகரிகத்தை மட்டும்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு வியாதியைச் சொல்ல வேண்டும். பழைய கேமராவின் பின்கதவைத் திறந்து பாருங்கள். ஓரமாக ஒரு கறுப்புக் கோடு ஓடும். வெளிச்சம் உள்ளே கசியாமல் இருக்க ஒட்டிய ஃபோம். தொட்டால் விரலில் தார் மாதிரி ஒட்டும். 1960-களிலும் 70-களிலும் வந்த ஜப்பான் கேமராக்களில் பெரும்பாலும் இதே கதை. ஃபோம் நாட்பட்டால் பிசினாகும், பிறகு பொடியாகும். பொடி ஷட்டருக்குள் போகும். வெளிச்சம் கசிந்து படத்தின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் தீற்றல் விழும். அதைக் 'கலை' என்று சொல்லிப் பரவசப்படுகிறவர்கள் உண்டு. அது ஓட்டை, சார்.

அதற்கு முந்திய தலைமுறையின் பல கேமராக்களில், அதே இடத்தில் கறுப்புக் கம்பளி நூலோ வெல்வெட்டோ வைத்தார்கள். எழுபது வருடம் கழித்தும் அது அப்படியே இருக்கிறது. ஃபோம் வைத்தால் ஒட்டுகிற வேலை சீக்கிரம் முடியும், அதனால் மாற்றினார்கள். முன்னேற்றம் என்று நாம் கைதட்டிய எத்தனையோ விஷயங்களில் லாபம் செய்கிறவனுக்கும், நஷ்டம் ஐம்பது வருடம் கழித்து வைத்திருக்கிறவனுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதில் ஒரு சந்தோஷம், இந்த ரிப்பேரை நீங்களே செய்யலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துப் பழைய பிசினை எடுங்கள். பல்குச்சி உதவும். பொடி ஷட்டர் பக்கம் விழாமல் கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலைப் பதித்துவிடுங்கள். ஸ்வெட்டர் பின்னுகிற சித்தி யாராவது இருந்தால் செலவே கிடையாது.

அடுத்தது பூஞ்சை. இதற்குக் கேமரா கம்பெனியைக் குறை சொல்ல முடியாது, நம் கடற்கரையைத்தான் சொல்ல வேண்டும். லென்ஸைத் திறந்துவைத்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரிக் கோடுகள் தெரிந்தால் பூஞ்சை. ஆரம்பத்தில் துடைத்தால் போகும். விட்டுவைத்தால் லென்ஸின் மேல்பூச்சை அரித்துத் தழும்பாக நின்றுவிடும். தாத்தா பத்திரமாக இருக்கட்டும் என்று லெதர் கேஸில் போட்டு, துணியில் சுற்றி, பீரோவின் கடைசித் தட்டில் வைத்தார் பாருங்கள், பூஞ்சைக்கு அதைவிட வசதியான விடுதி கிடையாது. தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இருட்டும் அசையாத காற்றும் வேறு. கேஸைத் தனியே எடுத்துவிடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து வெளிச்சம் காட்டுங்கள். ஊறுகாய் ஜாடிக்குக் காட்டுகிற கரிசனம் போதும்.

இப்போது விமர்சனத்தைக் கேமராவிலிருந்து நம் பக்கம் திருப்ப வேண்டிய நேரம்.

பழைய கேமராக்களில் பாதி, வயதால் கெட்டவை. மீதி, ரிப்பேரால் கெட்டவை. ஷட்டர் ஒட்டிக்கொண்டால் உடனே நம் ஆட்களின் கை தேடுவது தையல் மெஷின் எண்ணெயை. அது இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய். லென்ஸுக்குள் இருக்கும் இலை ஷட்டரின் தகடுகள் உலர்ந்துதான் இருக்க வேண்டும். ஒட்டிக்கொள்வதே எங்கிருந்தோ எண்ணெய் கசிந்து வந்ததால். அதன்மேல் இன்னும் எண்ணெய் விட்டால், அன்றைக்கு ஓடும். ஒரு வாரத்தில் முன்னைவிட மோசமாக ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் விட்ட கேமராவை ஊட்டிக்கு எடுத்துப்போனால் ஷட்டரும் சேர்ந்து உறைந்துபோகும். டபிள்யூடி-40 ஸ்பிரே அடிக்கிறவர்களைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். லென்ஸுக்கு டூத்பேஸ்ட் போடச் சொல்லும் வீடியோக்காரர்கள் பல் டாக்டர்களாக இருந்திருக்கலாம்.

சென்னையில் எனக்குத் தெரிந்த கேமரா மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எழுபது வயதுக்காரர். எந்தக் கேமராவைக் கொடுத்தாலும் முதலில் ஷட்டரைத் தட்டிப் பார்க்க மாட்டார். லென்ஸையும் பார்க்க மாட்டார். அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்.

"இதை ஏற்கெனவே யாரோ திறந்திருக்காங்க சார்."

"எப்படித் தெரியுது?"

"ஸ்க்ரூ தலை தேஞ்சிருக்கு பாருங்க. ஜப்பான் ஸ்க்ரூ வேற, நம்ம கடையில விக்கிற ஸ்டார் டிரைவர் வேற. பாக்க ஒண்ணாட்டம் இருக்கும். உள்ளார வெட்டு வேற. அழுத்தித் திருகுனா வழுக்கிட்டுத் தலையைத் தின்னுடும். தெரிஞ்சவன் தொட்டிருந்தா தலை தேஞ்சிருக்காது. தலை தேஞ்சிருந்தா, உள்ள ஒரு பாகமாவது மாறியிருக்கும், இல்ல காணாமப் போயிருக்கும்."

ஒரு ஸ்க்ரூவின் தலையில் இத்தனை சரித்திரம். நான் படித்த இலக்கிய விமர்சனங்களில் இந்த அளவு நுணுக்கமான வாசிப்பை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அவர் சொல்லிக்கொடுத்த பரிசோதனை வரிசையை, பீரோவிலிருந்து கேமராவை எடுத்திருப்பவர்களுக்காக இங்கே தருகிறேன். முதலில், எதையும் பலவந்தமாகத் திருகாதீர்கள். லீவர் நகராவிட்டால் அது உங்களிடம் ஏதோ சொல்கிறது என்று அர்த்தம். அடுத்து, பேட்டரி அறையைத் திறங்கள். பச்சையாக, வெள்ளையாகப் பூத்திருந்தால் பழைய பேட்டரி கக்கியிருக்கிறது. ஆல்கலைன் பேட்டரியின் கக்கலானால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தால் போகும். வயர் வரை அரித்திருந்தால் மெக்கானிக்தான். பிறகு, பிலிம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பின்கதவைத் திறங்கள். ஷட்டரை 'பி'-யில் வைத்து அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். முழுசாகத் திறக்கிறதா, விட்டதும் மூடுகிறதா பாருங்கள். அப்புறம் ஒரு விநாடி வேகம். கடிகாரத்தை வைத்துக் காதால் கேளுங்கள். உள்ளே ஒரு குட்டிச் சக்கரம் சீராக முனக வேண்டும். நடுவில் திக்கினால் பழைய கிரீஸ் இறுகிவிட்டது. கடைசியாக 1/1000. வெள்ளைச் சுவரைப் பார்த்துத் தட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தால், ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை.

இதெல்லாம் தேறினால் ஒரு ரோல் போடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் வேகம், அபர்ச்சர், வெளிச்சம் மூன்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த முதல் ரோல் கேமராவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். அதில் போய்ப் பேத்தியின் முதல் பிறந்தநாளை எடுக்காதீர்கள். கழுவி வந்த நெகட்டிவையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த வேகத்தில் கேமரா பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும். தெரிந்த பொய்யோடு வாழ்ந்துவிடலாம். கலர் நெகட்டிவ் கொஞ்சம் அதிக வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும் பெருந்தன்மைக்காரன்.

மெக்கானிக் விஷயத்துக்கு வருகிறேன், உண்மையான கவலை அங்கேதான். அவரிடம் ஒரு இழுப்பறை உண்டு. முழுக்கச் செத்த கேமராக்கள். ஒன்றின் கண்ணாடி, இன்னொன்றின் சக்கரம், வேறொன்றின் போர்டு என்று எடுத்து உயிரோடு இருப்பவற்றுக்கு வைக்கிறார். கம்பெனிகள் ஸ்பேர் பார்ட்ஸ் செய்வதை நிறுத்தி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அந்த இழுப்பறை காலியானால் கடையும் காலி.

"பையன் மொபைல் கடை வச்சிருக்கான் சார். டிஸ்ப்ளே மாத்த அவனுக்கு இருபது நிமிஷம். நான் ஒரு ஷட்டருக்கு மூணு நாள் உக்காருவேன். ரெண்டு பேருக்கும் ஒரே காசுதான் வருது. எந்த மூஞ்சியோட அவன இங்க வந்து உக்காருன்னு கூப்புடறது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பழைய கேமராவை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவர்கள், ரிப்பேர்க் கூலி கேட்டால் மட்டும் மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்குகிற பாணியில் பேரம் பேசுகிறார்கள். ஒரு தொழில்நுட்பம் நம்மிடமிருந்து போனால் திரும்பி வருவது லேசில்லை. ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் பிலிமும் போட்டோ பேப்பரும் செய்தது. தொழிற்சாலை மூடப்பட்டு, அங்கே கைவந்த வித்தை அங்கே வேலை பார்த்தவர்களோடு கலைந்துவிட்டது. இன்று வெளிநாட்டு பிலிமை வாங்கி, விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். கேமரா மெக்கானிக்கின் விரல்களில் இருப்பதும் எந்தப் புத்தகத்திலும் முழுசாக எழுதப்படாத வித்தை. பேரம் பேசாமல் கூலி கொடுப்பதும், ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் செய்வதை வீடியோ எடுத்து வைப்பதும் நம்மால் ஆகிற காரியங்கள்.

இன்னொரு கோஷ்டியையும் விட முடியாது. கண்ணாடி அலமாரியில் இருபது கேமராவை வரிசையாக அடுக்கி, மேலே மஞ்சள் விளக்கு போட்டு, 'கலெக்‌ஷன்' என்று காட்டுகிறவர்கள். தொடக்கூடாது என்பார்கள். தொடாத கேமராதான் சீக்கிரம் சாகிறது. கிரீஸ் இறுகுகிறது, பூஞ்சை குடியேறுகிறது. மாதத்துக்கு ஒருமுறை, எல்லா வேகத்திலும் இரண்டிரண்டு தடவை ஷட்டரைத் தட்டினாலே அதன் மூட்டுகள் இளகியிருக்கும். ஓடாத கேமராவைப் பாதுகாப்பது, பாடாத பாகவதருக்குப் பொன்னாடை போர்த்துகிற மாதிரி.

'எல்லாம் சரி, கையில் செல்போன் இருக்கும்போது இது எதற்கு?' என்பீர்கள். நியாயமான கேள்வி. போன் எடுக்கிற படம் மேலானது என்றே வைத்துக்கொள்வோம். நான் வைத்த உரைகல்லில் அதையும் தேய்த்துப் பாருங்கள். சீக்கிரம் தேய்ந்துபோகிற பாகம் எது? பேட்டரி. அதை எங்கே வைத்திருக்கிறார்கள்? கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில், பசை போட்டு. யாஷிகாவின் ரப்பர் திண்டேதான். ஆனால் யாஷிகாவுக்கு அது தெரியாமல் நடந்தது. ஐம்பது வருடம் தாக்குப்பிடிக்காது என்று அவர்கள் கணக்குப் போடவில்லை. இவர்கள் கணக்குப் போட்டே வைக்கிறார்கள்.

உலகம் கொஞ்சம் விழித்துக்கொண்டிருக்கிறது. நம் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கென்று தனி இணையதளம் திறந்தது. கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வைத்திருப்பவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சட்டம் போட்டு, 2027 பிப்ரவரி என்று கெடு வைத்தது. விதிவிலக்குகளும் உண்டு, கம்பெனிகள் அதற்குள் புகுந்து புறப்படத்தான் பார்ப்பார்கள்.

சட்டம் வருகிறபோது வரட்டும். அடுத்த தடவை கடைக்குப் போய் எதையாவது வாங்கும்போது, கேமராவோ மிக்ஸியோ போனோ, எத்தனை மெகாபிக்சல், எத்தனை வாட்ஸ் என்று கேட்ட கையோடு இதையும் கேளுங்கள்: "தம்பி, இது கெட்டுப்போனா எப்படித் திறக்கறது?"

விற்கிற பையன் முழிப்பான். முழிக்கட்டும். பத்துப் பேர் கேட்டால் மேனேஜரிடம் சொல்வான்.